இணையவழி எழுத்து வகுப்பு: சக மாணவர் கருத்துக்கு டாக்ஸா, ஜூமா, வாட்ஸ்அப்பா, மூடிலா?

இணையத்தில் எழுத்துப் பயிற்சி வகுப்பு தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சுக் கருத்துச் சொல்ற மாதிரி ஒரு ஏற்பாடு வேணும். எதுல வெச்சுக்கலாம்?" கையில் இருப்பவை நான்கு: கூகுள் டாக்ஸ், ஜூம், வாட்ஸ்அப் குழு, கல்லூரியாக இருந்தால் மூடில் என்ற இணையப் பாடத்தளம். நான்கிலும் வேலை நடக்கும். ஆனால் நான்கிலும் நடப்பது ஒரே வேலை அல்ல.

முடிவெடுக்கும்போது எல்லோரும் எழுதியவர் பக்கம் நின்றே யோசிக்கிறார்கள். அவருக்கு எத்தனை பேர் கருத்துச் சொல்வார்கள், எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், மனசு நோகாமல் இருக்குமா என்று. நான் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கச் சொல்வேன். கருத்துச் சொல்ல வேண்டிய ஆளை எது உட்காரவைத்து ஒழுங்காகப் படிக்க வைக்கிறதோ, அதுதான் நல்ல ஏற்பாடு. எழுதியவருக்கு வர வேண்டிய நன்மை அதன் பின்னால் தானாக வரும்.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் பங்கே பிரித்துக் கொடுத்திருக்கிறார். ஆசான் சொன்னதை முழுமையாக மனத்தில் வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் சேர்கிறது. இது 13-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. 2009-இல் கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். 9 வகுப்புகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குப் பிறர் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையை மட்டும் கொடுத்தார்கள். மறு சாராருக்குக் கருத்துகளை வைத்துக் கட்டுரையைத் திருத்தும் வேலை மட்டும். பருவம் முடிந்தபோது, சொன்னவர்களின் சொந்த எழுத்துதான் அதிகம் முன்னேறியிருந்தது. மொழியில் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதனால் நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். படிக்கிறவரை இது என்ன செய்ய வைக்கிறது?

அளந்து பார்க்க ஒரு கட்டுரை வேண்டும். அறுநூறு சொல்லில் ஒரு பெண் எழுதிய அனுபவக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒன்று எல்லா வகுப்பிலும் வரும். இரண்டாம் பத்தியில் அப்பா தன்னுடைய டி.வி.எஸ். 50-ஐ விற்று மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார். ஐந்தாம் பத்தியில் மகளை நுழைவுத் தேர்வுக்குக் கொண்டுபோய் விடுகிறார், அதே டி.வி.எஸ். 50-இல். நடை நன்றாக இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, கடைசி வரி கண்ணை நனைக்கிறது. வண்டி மட்டும் இடிக்கிறது.

வாட்ஸ்அப் குழு

முதலில் இதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாதி வகுப்புகள் யோசிக்காமல் இங்கேதான் வந்து நிற்கின்றன. எல்லோர் கையிலும் இருக்கிறது, சொல்லித்தர எதுவும் இல்லை, உடனே பதில் வருகிறது.

அந்தக் கட்டுரையைக் குழுவில் போட்டால் என்ன நடக்கும்? வாட்ஸ்அப் நீளமான செய்தியை முழுதாகக் காட்டாது; சில வரிகளோடு நிறுத்தி, மேலும் படிக்கத் தட்டு என்கிறது. தட்டாமலே கருத்துச் சொல்ல முடியும். "அருமை அக்கா", "கண் கலங்கிடுச்சு மேடம்", கைகூப்பும் படம் இரண்டு, கைதட்டும் படம் நான்கு. முதல் மூன்று பேர் புகழ்ந்த பிறகு நாலாவது ஆள் வண்டியைப் பற்றிக் கேட்டால், வளைகாப்பில் வந்து வாங்கிய கடனைக் கேட்டது போல ஆகிவிடும். கேட்க மாட்டார்கள். கேட்க நினைத்தாலும் எந்த இடம் என்று காட்ட அங்கே ஓரம் கிடையாது. "ரெண்டாவது பத்தில மூணாவது வரியில" என்று தட்டச்சு செய்ய வேண்டும்.

இன்னொன்று, குழுவில் போட்டது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அச்சில் வராத கட்டுரை யாரோ ஒருவரின் குடும்பக் குழுவுக்கு எழுதியவர் பெயர் இல்லாமல் போய், சுற்றிவிட்டுத் திரும்பி வருவது நடக்கிற கதைதான்.

ஆனால் வாட்ஸ்அப்பை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. செல்போனில் மட்டுமே படிக்கிற, தமிழில் தட்டச்சு செய்யச் சிரமப்படுகிற வயதானவர்கள் வகுப்பில் இருந்தால், குரல்பதிவு நல்ல வழி. நிபந்தனை ஒன்றே ஒன்று. குழுவில் அல்லாமல் எழுதியவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். எழுத்தில் வெடுக்கென்று தெரிகிற ஒரு வாக்கியம் குரலில் சொன்னால் மெதுவாகிவிடுகிறது. "இந்த வண்டி விஷயம் எனக்குக் கொஞ்சம் குழப்பமா இருந்துச்சும்மா" என்று ஒரு பெரியவர் குரலில் கேட்கும்போது யாருக்கும் கோபம் வராது. குறை என்னவென்றால் நான்கு நிமிடப் பதிவில் தேவையான வரி எங்கே என்று தேட வழியில்லை. ஒன்றரை, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டாலும் முழுதாகக் கேட்டாக வேண்டும். பேசுகிறவரை முதலில் மூன்று குறிப்பு தாளில் எழுதிக்கொண்டு பேசச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

ஜூம், மீட்: நேரடி வாசிப்பு

எழுதியவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்வது. இலக்கியக் கூட்டங்களில் பழகிய முறை என்பதால் தமிழ் வகுப்புகளுக்கு இதன்மேல் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் முதல் கருத்துக்கு இது உகந்த இடம் இல்லை என்பதே என் தீர்ப்பு.

நேரம் முதல் காரணம். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான். மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூகுள் மீட் இலவசத்தில் 60 நிமிடம். அறுநூறு சொல் தமிழ்க் கட்டுரையை நிதானமாக வாசிக்க ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். நான்கு பேர் தலா மூன்று நிமிடம் பேசினால் பன்னிரண்டு. எழுதியவர் பதில் சொல்ல ஐந்து. "ஆடியோ வருதா, கேக்குதா" என்பதற்கும் ஐந்து. ஒரு ஜூம் அமர்வில் ஒரு கட்டுரைதான் ஒழுங்காக ஓடும். இரண்டாவது கட்டுரைக்காரர் வாயைத் திறக்கும்போது திரை மூடிவிடும். பன்னிரண்டு பேர் இருக்கிற வகுப்பில் வாரம் ஒருமுறை கூடினால், ஒருவருக்குத் தன் முறை வரவே மூன்று மாதம் ஆகும்.

பல ஊர்க்காரர்கள் சேர்ந்த வகுப்பாக இருந்தால் இன்னும் கஷ்டம். சென்னையில் இரவு 7 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 9.30, டொரண்டோவில் கோடைக்காலத்தில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. மூன்று ஊருக்கும் ஒத்துவருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் டொரண்டோக்காரர் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போகாத ஞாயிறு.

நேரத்தைவிடப் பெரிய காரணம் வேறு. காதால் கேட்கும்போது திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. இரண்டாம் பத்தியில் விற்ற வண்டி ஐந்தாம் பத்தியில் வரும்போது, விற்றது ஞாபகம் இருந்தாலும் "சரியாக் கேட்டோமா" என்ற சந்தேகத்தில் கேட்பவர் விட்டுவிடுவார். போதாததற்கு எழுதியவரின் குரலே கட்டுரையின் ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. அவர் நிறுத்துகிற இடத்தில் நாமும் நிற்கிறோம், அவர் தழுதழுக்கிற இடத்தில் நாமும் இளகுகிறோம். நாளை அந்தக் கட்டுரையைப் படிக்கப்போகிற வாசகருக்கு அந்தக் குரல் கிடைக்காது. பேச்சு தொடங்கினால் இரண்டாமவர் "அவங்க சொன்னதேதான் எனக்கும்" என்பார். மூன்றாமவர் கேமராவை அணைத்திருப்பார்.

பிரேக்அவுட் அறைகளாகப் பிரித்தால் நேரப் பிரச்சினை கொஞ்சம் குறையும். மூன்று மூன்று பேராக நான்கு அறை. ஒரே நேரத்தில் நான்கு கட்டுரை. ஆசிரியர் ஒரு அறையில்தான் இருக்க முடியும். ஜூமின் கிளவுட் பதிவும் முதன்மை அறையை மட்டுமே பதியும். ஆசிரியர் இல்லாத அறையில் கட்டுரையைப் பற்றி எவ்வளவு பேசினார்கள், அப்பாக்களைப் பற்றி எவ்வளவு பேசினார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

நேரடி வாசிப்பை வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்வது நல்லது. 1936-இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறை வழியாகப் பரவிய முறையில், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. கறாரான முறை. தமிழ் வகுப்பில் இதை அப்படியே வைத்தால் எழுதியவர் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார், பேசுகிறவர்களும் குற்றவாளிக் கூண்டு பார்த்தது போல நெளிவார்கள். எனக்குப் பிடித்தது, நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-ஐ ஒட்டி வகுத்த நான்கு படி முறை. முதலில் மனத்தில் நின்றதை மற்றவர்கள் சொல்கிறார்கள். அடுத்து எழுதியவர் தனக்குச் சந்தேகம் உள்ள இடங்களைப் பற்றிக் கேட்கிறார். மூன்றாவதாக மற்றவர்கள் குத்தல் இல்லாத கேள்வி கேட்கிறார்கள்: "வண்டியை எப்ப வித்தாரு?" கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு. "முடிவைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லலாமா?" நம் ஊரில் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பிக்கிற பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் இந்த நான்காம் படி யாருக்கும் புதிதாகத் தெரியாது.

மூடில்: படிவம், மதிப்பெண், முகமூடி

அறுபது பேர் உள்ள கல்லூரி வகுப்புக்கு டாக்ஸோ ஜூமோ சரிவராது. யார் யாருடையதைப் படித்தார்கள் என்று கணக்கு வைக்கவே ஓர் ஆள் வேண்டும். மூடிலில் 'வொர்க்‌ஷாப்' என்ற செயல்பாடு அந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அமைத்தல், ஒப்படைத்தல், மதிப்பிடல், மதிப்பீட்டை மதிப்பிடல், முடித்தல் என ஐந்து கட்டம். கட்டுரைகளைக் குலுக்கிப் போட்டுப் பங்கிடும். பெயர்களை மறைக்கவும் வழி உண்டு. கோர்செரா போன்ற பெரிய பாடத்தளங்களிலும் இதே தத்துவம்தான்: நீங்கள் பிறருடையதை மதிப்பிட்டு முடித்தால்தான் உங்களுடைய மதிப்பெண் வெளிவரும்.

மூடிலில் எனக்குப் பிடித்த அம்சம், கட்டுரைக்கு ஒரு மதிப்பெண், பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டு தருகிறது. மாற்றாமல் விட்டால் 80-க்கு அது, 20-க்கு இது. பவணந்தியார் பார்த்தால் 20 போதாது என்பார், பரவாயில்லை, கொள்கை அளவில் சரி.

சிக்கல், அந்த 20 எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு கட்டுரையை மதிப்பிட்ட எல்லோருடைய மதிப்பெண்களிலும் சராசரிக்கு மிக அருகில் இருப்பது எதுவோ, அதையே சிறந்த மதிப்பீடாக மூடில் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து விலகியவர்களுக்கு விலகிய அளவுக்குக் குறையும். நம் டி.வி.எஸ். 50 கட்டுரையை மூன்று பேர் மதிப்பிடுகிறார்கள். இருவர் வண்டியைக் கவனிக்கவில்லை. 'முன்பின் முரண் இல்லாமை'க்குப் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் கவனித்து நான்கு போட்டார். மூவரில் ஒழுங்காகப் படித்தவருக்குத்தான் மதிப்பெண் குறையும். ஆசிரியர் தானும் மதிப்பிட்டுத் தன் மதிப்பீட்டுக்குக் கூடுதல் எடை கொடுத்து இதைச் சரிக்கட்டலாம். ஆனால் அறுபதையும் அவர் படிப்பதானால் மூடில் எதற்கு? என் யோசனை, அந்த இரண்டாம் மதிப்பெண்ணைச் சிறிதாக வைத்து, ஒரு பத்துக் கட்டுரையை மட்டும் ஆசிரியர் எடுத்துப் பார்ப்பது.

மதிப்பிடுகிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் என்ன கேட்பது என்பதற்கு வெளிநாட்டு மாதிரிகளைத் தேடிப்போக வேண்டாம். நன்னூலே நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் பட்டியல் போட்டிருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல்... முதலாமாண்டு மாணவனுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். வண்டிச் சிக்கல் மாறுகொளக் கூறல். ஆரம்பம் அமர்க்களமாக இருந்து போகப்போக மெலிந்து முடிகிற கட்டுரை சென்றுதேய்ந்து இறுதல். மாணவர் கட்டுரையில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நான்கைந்தை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் "எந்த இடத்தில்?" என்று ஒரு பெட்டி வையுங்கள். இடத்தைக் காட்டாமல் மதிப்பெண் போட முடியாதபடி இருந்தால் படித்துத்தான் ஆக வேண்டும்.

பெயரை மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மறைத்தால் தைரியமாகச் சொல்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. அறுபது பேரில் அது ஓரளவு நடக்கும். பன்னிரண்டு பேர் உள்ள தமிழ் வகுப்பில் நடக்காது. உரையாடலில் ஒருவர் "ஏனுங்க" என்று எழுதினால் கோயம்புத்தூர்ப் பக்கம், "ஏலே" வந்தால் திருநெல்வேலி, "கதைச்சனாங்கள்" என்றால் யாழ்ப்பாணம். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தும் தெரியாதது போல நடிக்கிற சங்கடம்தான் மிச்சம்.

கூகுள் டாக்ஸ்

சிறு வகுப்புக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஆனால் அப்படியே இல்லை.

நல்லது என்னவென்றால், குறிப்பு அந்த வரியின் பக்கத்திலேயே உட்காருகிறது. படிப்பவர் தனக்கு வசதியான நேரத்தில், இரண்டு தடவை, பின்னால் போய் முன்னால் வந்து படிக்க முடியும். வண்டிச் சிக்கல் கண்ணில் படுவது பெரும்பாலும் இங்கேதான். டொரண்டோவும் சிங்கப்பூரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டியதில்லை.

கெட்டது இரண்டு. 'கமென்டர்' உரிமையில் கோப்பைத் திறந்தவர் ஓரக்குறிப்பும் போடலாம், எழுத்திலேயே கைவைத்துத் திருத்தத்தைப் பரிந்துரைக்கவும் செய்யலாம். நம் ஆட்களுக்கு இரண்டாவதுதான் இனிக்கும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று பச்சை, ஊதா நிறங்களில் கட்டுரை முழுக்கக் கோலம் போட்டுவிடுவார்கள். இலக்கணம் தெரியும் என்று காட்ட ஒற்றைவிட வசதியான இடம் தமிழில் கிடையாது. எழுதியவர் என்ன செய்வார்? வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போவார். இரண்டு நிமிடத்தில் பிழையில்லாத கட்டுரை தயார், வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். திருத்தியவர் கட்டுரையைப் படிக்கவில்லை, எழுத்துகளைப் பார்த்தார். அதனால் முதல் விதி: பரிந்துரை கூடாது, ஓரக்குறிப்பு மட்டும். பிழை திருத்துவதை எழுதியவரே நாவி, வாணி போன்ற தமிழ்ப் பிழைதிருத்திகளில் ஓட்டிவிட்டு அனுப்பட்டும். தப்பித்து வருகிற ஒற்றுகளைக் கடைசி வடிவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கெடுதல், ஒரே கோப்பில் ஒருவர் போட்ட குறிப்பை அடுத்தவர் பார்ப்பது. முதல் ஆள் ஐந்து குறிப்பு போட்டிருந்தால் இரண்டாம் ஆள் அவற்றின் கீழே "ஆமாம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார். படிக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி எடுத்துக் கொடுங்கள். கூடுதலாக ஒரு நிமிட வேலை.

பள்ளியில் கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் 'ஒப்படை' என்று அழுத்தியதும் அந்தக் கோப்பில் எழுதும் உரிமை அவரை விட்டுப் போய்விடும். ஆசிரியர் திருப்பித் தரும்வரையோ, மாணவரே ஒப்படைப்பைத் திரும்பப் பெறும்வரையோ பார்க்கத்தான் முடியும். அதனால் சக மாணவர் கருத்தெல்லாம் ஒப்படைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒப்படைத்த பிறகு வைத்தால் பிள்ளைகள் திருத்த முடியாமல் முழிப்பார்கள்.

சார், அம்மா, அக்கா

எந்தச் செயலியும் தீர்க்காத பிரச்சினை ஒன்று இருக்கிறது. நம் இணைய வகுப்புகளில் வயது கலந்து இருக்கும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பொறியியல் இரண்டாமாண்டு மாணவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்காரும் தாய், துபாயில் சைட் இன்ஜினியர். மாணவி மேலாளரிடம் "உங்க கட்டுரை நடுவுல தொய்யுது சார்" என்று சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் அதை ஏற்றுக்கொண்டாலும் அடுத்த வாரம் அவள் கட்டுரையில் பெரிய மனது பண்ணி நான்கு அறிவுரை எழுதுவார்.

பெயரை மறைக்கும் முகமூடி இதற்கு மருந்தில்லை என்று மேலே சொன்னேன். வேலை செய்கிற மருந்து வேறு: தீர்ப்புச் சொல்லாதே, படித்தபோது உனக்கு என்ன நடந்தது என்று சொல். மூன்றே கேள்வி. எந்த இடத்தில் நின்று மறுபடி படித்தாய்? எந்த இடத்தில் குழம்பினாய்? எந்த இடத்தில் கண் தாண்டிப் போனது? இவற்றுக்குப் பதில் சொல்ல வயதோ தகுதியோ தேவையில்லை, ஏனென்றால் மாணவி மேலாளரின் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை, தன் வாசிப்பைப் பற்றிப் பேசுகிறாள்.

"ரெண்டாம் பத்தியில வண்டியை வித்ததும் மனசு கனத்துப்போச்சு. அஞ்சாம் பத்தியில அதே வண்டி வந்ததும் குழம்பிட்டேன், மறுபடி மேல போய்ப் பாத்தேன். தேர்வு முன்னாடியா, விற்பனை முன்னாடியாங்க?"

இது ஒரு குறை, ஆனால் குறையாகக் காதில் விழாது. கேள்விக்கு விடை எழுதியவருக்குத்தான் தெரியும்: தேர்வு ஜூனில், வண்டி விற்றது ஆகஸ்டில். அவர் மனத்தில் வரிசை தெளிவாக இருந்ததால் தாளில் இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. இப்போது பத்திகளை மாற்றிப் போடுகிறார். தேர்வுக்குப் போகிற காலை முதலில் வருகிறது, விற்பனை கடைசியில். முன்பு வெறும் தகவலாக இருந்த அந்தப் பயணம், அப்பா அந்த வண்டியில் மகளைக் கூட்டிப்போன கடைசிப் பயணமாகிவிடுகிறது. யாரும் அவரிடம் "கட்டமைப்பை மாத்துங்க" என்று சொல்லவில்லை.

'அருமை' என்பதைத் தடை செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மனிதர்கள் பேசட்டும். 'அருமை' என்றால் எந்த வரி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மட்டும் வையுங்கள். எந்த வரி என்று தேடப் போகிறவர் கட்டுரையைப் படித்துவிடுவார்.

ஏ.ஐ. இருக்கும்போது சக மாணவர் எதற்கு?

சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதியவர் தன் கட்டுரையைத் தானே சாட்ஜிபிடியில் போட்டுப் பார்ப்பது அவர் பாடு. பிறர் கட்டுரையை அதில் போட்டு, வந்ததை எடுத்துத் தன் கருத்தாக ஒட்டுவது வேறு. முதலாவது, அந்தக் கட்டுரை அவருடையது இல்லை, கேட்காமல் வெளியே கொடுக்க உரிமையும் இல்லை. இரண்டாவது, படிக்கிறவருக்குச் சேர வேண்டிய, நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு அப்படியே போய்விட்டது. கண்டுபிடிப்பதும் கடினம் இல்லை. மூன்று பாராட்டு, மூன்று மேம்பாட்டு ஆலோசனை, "ஏலே" என்ற பேச்சை எழுத்துத் தமிழாக்கச் சொல்லும் ஒரு யோசனை. நெல்லைக்காரர் உரையாடலைச் செந்தமிழாக்கச் சொல்லும் சக மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வாங்கிக்கொள்பவருக்கு

வந்த குறிப்புக்கு உடனே பதில் எழுதாதீர்கள். "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று ஒவ்வொரு குறிப்பின் கீழும் விளக்கம் கொடுத்தால் அடுத்த வாரம் அந்த ஆள் 'அருமை'யோடு நிறுத்திக்கொள்வார். டாக்ஸில் 'ரிசால்வ்' பொத்தானை வரிசையாக அழுத்துவதும் அதேதான். குறிப்பு கண்ணை விட்டு மறைகிறது, பிரச்சினை மறைவதில்லை. ஒரு நாள் விட்டுத் திரும்பிப் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. இருவர் ஒரே இடத்தில் குழம்பியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு தப்பாக இருக்கலாம், இடம் தப்பாக இருக்காது. திருத்தியபின் கட்டுரையின் தலையில் மூன்று வரி எழுதுங்கள்: எதை எடுத்துக்கொண்டேன், எதை விட்டேன், ஏன். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டியிருந்தால் இந்த மூன்று வரிக்குப் போடலாம்.

எந்த வகுப்புக்கு எது

பத்திலிருந்து பதினைந்து பேர், பெரியவர்கள், மதிப்பெண் கிடையாது என்றால் முதலில் டாக்ஸ், தனிப் பிரதிகளில், மூன்று கேள்வியோடு, அதன்பிறகு ஜூம். குறிப்புகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் பேசும்போது 40 நிமிடத்தில் மூன்று கட்டுரைகூட ஓடும், ஏனென்றால் வாசிக்க வேண்டியதில்லை, சந்தேகம் உள்ள பத்தியை மட்டும் பேசினால் போதும். கல்லூரியில் அறுபது பேர், பாடத்திட்டம், அகமதிப்பீடு என்றால் மூடில்தான். வேறு வழியில் ஆசிரியர் உயிரோடு இருக்க மாட்டார். செல்போன் மட்டுமே உள்ள முதியவர் குழு என்றால் இருவர் இருவராகப் பிரித்துத் தனிக் குரல்பதிவு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் இருவர் இருவராக டாக்ஸ், ஒரு கேள்வி மட்டும், 'எங்கே குழம்பினாய்?' ஒருவர் எழுத்துக்கு இன்னொருவர் மதிப்பெண் போடும் வேலையை அந்த வயதில் கொடுக்க வேண்டாம். நட்புக்கும் சண்டைக்கும் மதிப்பெண் போட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் குழு எல்லா வகுப்புக்கும் இருக்கட்டும், "இன்னைக்கு ராத்திரிக்குள்ள குறிப்புப் போடணும்" என்று ஞாபகப்படுத்த.

டாக்ஸும் ஜூமும் சேர்ந்த வழியை எடுப்பவர்கள் வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். புதன் இரவு கட்டுரை, சனி இரவு ஓரக்குறிப்பு, ஞாயிறு மாலை கூட்டம், திருத்திய வடிவம் அடுத்த புதன். குழுவை மூன்று மூன்று பேராகப் போடலாம் என்று தோன்றும், நான்காகப் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவருக்குக் கல்யாணமோ காய்ச்சலோ கணக்கு முடிக்கும் வேலையோ வரும். மூன்று பேர் குழுவில் ஒருவர் போனால் மிஞ்சுவது இருவர், அதிலும் ஒருவர் எழுதியவர்.